விலை ஏறியது, ஆயுள் ஏறியதா?



தோட்டத்துக் குடும்பம் ஒன்று விலை உயர்ந்த மின்னியல் பொருளை வாங்குவதென்பது சிறிய காரியமன்று. மாதா மாதம் மிச்சம் பிடித்த பணமோ, தவணைக் கடனோ அதில் அடங்கியிருக்கும். “மலிவானதை வாங்கி அடிக்கடி மாற்றுவதைவிட, விலை கூடினாலும் நல்ல பெயருள்ள பொருளை வாங்கி நெடுநாள் வைத்துக்கொள்வோம்” என்று எண்ணுவோர் நம்மில் பலர். அந்த எண்ணம் இந்தக் காலத்துக்கும் பொருந்துமா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

தாசேக் கெலுகோரை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். என் தந்தையார் 1960களில் ஒரு வால்வு வானொலிப் பெட்டி வாங்கினார். பல மாதச் சம்பளம் அதற்குப் போயிற்று. இடையில் பெட்டி ஊமையானால், பட்டணத்துக் கடைக்காரர் பின்பலகையைக் கழற்றி, கெட்டுப்போன கண்ணாடி வால்வை மட்டும் மாற்றித் தருவார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெட்டி எங்கள் லயத்து வீட்டில் பாடியது.

2021ஆம் ஆண்டு என் மகன் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கினான். கடையில் இருந்தவற்றில் விலை கூடியது அதுதான். மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் சத்தம் வந்தது, படம் வரவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. “முழுத் திரையையும் மாற்ற வேண்டும். அதைவிடப் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது” என்றார்கள் கடையில். மனம் கேளாமல், பழுதுபார்க்கும் வேறொருவரிடம் கொண்டு போனோம். திரைக்குப் பின்னால் சிறு விளக்குகள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று எரிந்துபோனதால் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிட்டது. 180 வெள்ளியில் காரியம் முடிந்தது. குப்பைக்குப் போகவிருந்த பெட்டி இன்றும் ஓடுகிறது.

இப்படிச் சொல்வதால் பழைய பொருள்கள் எல்லாமே உயர்ந்தவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் கெட்டுப்போன பெட்டிகளை நாம் எப்போதோ எறிந்துவிட்டோம். நிலைத்து நின்றவை மட்டுமே இன்று நம் கண்ணில் படுகின்றன. சம்பளத்தோடு ஒப்பிட்டால் அன்றைய விலையும் மிக அதிகம். இருந்தாலும், பழுதானால் திறந்து சரிசெய்யும் வழி அன்று இருந்தது. அந்த வழி இன்று குறுகி வருகிறது.

காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, சிறு பாகங்களில் செய்யும் சிக்கனம். மின்சாரத்தைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் கெப்பாசிட்டர் என்னும் சிறு உருளை ஏறக்குறைய எல்லா மின்னியல் பெட்டிகளிலும் இருக்கிறது. அதற்குள் ஒருவகைத் திரவம் உண்டு. வெப்பம் 10 பாகை ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர்களின் கணக்கு. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறித்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 75 பாகையில் 16,000 மணி நேரம் உழைக்கும். 85 பாகையில் 8,000 மணி நேரம்தான். நாளுக்கு 6 மணி நேரம் பார்க்கும் வீட்டில், முன்னது ஏழாண்டுக்கு மேல் வரும். பின்னது நான்காண்டைத் தொடாது. சற்று நல்ல கெப்பாசிட்டரைப் போட்டால் கூடுதலாக ஆவது சில காசுகளே. ஆனால் இலட்சக்கணக்கில் செய்யும் நிறுவனம் அந்தக் காசுகளையும் எண்ணுகிறது. பெட்டியை மெலிதாக்க வேண்டுமென்று காற்றுப் போகும் வழியையும் குறைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, திறக்க முடியாத அமைப்பு. கைத்தொலைபேசியின் லித்தியம் மின்கலம் ஏறக்குறைய 500 முறை முழுமையாக மின்னூட்டியபின் வலுக் குறையத் தொடங்கும். முன்பு மூடியைத் திறந்து வேறொன்று போட்டுக்கொண்டோம். இப்போது பசைவைத்து ஒட்டி விடுகிறார்கள். 2017ஆம் ஆண்டில், மின்கலம் பழசான ஐபோன்களின் வேகத்தைத் தான் குறைத்து வந்ததை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்து போவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக அது விளக்கம் சொன்னது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அந்த வழக்கை 50 கோடி டாலர் வரை இழப்பீடு தருவதாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டது.

மூன்றாவது, பெயர் ஒன்று, செய்பவர் வேறு. நம் பெற்றோர் நம்பிய கிரண்டிக் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் நொடித்துப்போனது. அதன் பெயர் பின்னர் துருக்கி நாட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. தோசிபாவின் தொலைக்காட்சித் தொழில் 2018ஆம் ஆண்டில் சீனாவின் ஹைசென்ஸ் நிறுவனத்துக்கு மாறியது. கைமாறியதாலேயே பொருள் மட்டமாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தாத்தா காலத்து நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அதிக விலை கொடுப்பதும் சரியாகாது.

நேயர்களே, இந்தப் பேச்சில் நமக்குத் தனிப் பங்கு உண்டு. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியபின், பால் வெட்டிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலர் அங்கும் பிறையிலும் உள்ள மின்னியல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, பூதக்கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்துப் பற்றவைத்த கைகள் அவை. ஆகவே பொருள் சீக்கிரம் கெடும்போது “வேலை செய்தவர்கள் சரியில்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தப் பாகத்தைப் போடுவது, மூடியைத் திருகாணியால் மூடுவதா பசையால் மூடுவதா என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அந்தப் பெண்பிள்ளை அல்லள்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

வாங்கும்போது விலையையும் பெயரையும் மட்டும் பார்க்காமல், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதிரிப் பாகம் கிடைக்குமா? எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும்? பழுது பார்க்கும் இடம் அருகில் எங்கே உள்ளது? தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். திரையின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள். பின்விளக்கின் ஆயுள் கூடும். இடி மின்னல் வரும்போது மின்செருகியைக் கழற்றி விடுங்கள். பற்றுச்சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ஆகையால் அன்றே அதைப் படம் பிடித்து வையுங்கள்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தோடும் நீடித்து உழைக்கும் தன்மையோடும் இருக்க வேண்டும் என்கிறது. தரத்தைக் கணிக்கும்போது பொருளின் விலையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. கடைக்காரர் தரும் ஓராண்டு உத்தரவாதத்தோடு இந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. மறுத்தால், மூன்றாண்டுக்குள் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 1969ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

உலகமும் மெல்ல விழித்துக்கொண்டு வருகிறது. பிரான்சு நாட்டில் 2021 முதல் சில மின்னியல் பொருள்களின்மேல், அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாகக் குறிக்க வேண்டும் என்பது சட்டம். பாடசாலைப் பிள்ளைக்கு மட்டுமே மதிப்பெண் என்றிருந்த நிலைமை அங்கே மாறியிருக்கிறது. இங்கும் அப்படி ஒரு நாள் வரவேண்டுமானால், கேள்வி கேட்கும் பழக்கம் நம்மிடம் வளர வேண்டும்.

அடுத்த முறை கடையில் ஒருவர், “இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்” என்று சொன்னால், உடனே பணப்பையைத் திறந்துவிடாதீர்கள். முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.