பித்தம் பாவம்

குதிகால் தோல் தடித்து வெடித்தால் பித்தவெடிப்பு என்கிறோம். தோல் மருத்துவர்களைக் கேட்டால், வறட்சி, ஓயாத அழுத்தம், பின்பிடிப்பில்லாத செருப்பு என்பார்கள். பித்தத்தின் பெயர் வீணாகக் கெட்டதுதான் மிச்சம்.

முன்பெல்லாம் கிணற்றடித் துவைகல்லே வைத்தியர். குளிக்கும்போது பாட்டிமார் குதிகாலை அதில் நாலு தேய்ப்பு தேய்ப்பார்கள். இப்போது குளியலறையில் டைல்ஸ். தேய்த்தால் வழுக்கி விழலாம். அதனால் கால் தேய்க்கும் கல் ஒன்று வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் காலை ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்து, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, பருத்திக் காலுறையோடு படுங்கள். சில வாரம் விடாமல் செய்ய வேண்டும்.

பிளேடால் சீவவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கல்லையும் தொட வேண்டாம். கால் மரத்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.