பொங்கல் நாளில் பேரவைச் செய்தி



பொங்கல் விடுமுறையில் தொகுதிக்குத் திரும்பும் எம் போன்ற சட்டமன்ற உறுப்பினர்கள் வாழ்த்தை மட்டும் சுமந்து வருதல் தகாது; மன்றத்துச் செய்தியையும் உங்கள் முன் வைத்தல் எமது கடன்.

1922ஆம் ஆண்டில் எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து, இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என அரசு ஏடுகளில் எழுதுமாறு கோரினார். 2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பேரவையில் அறிவித்தார். நூறாண்டு கடந்தும் பெயருக்காகவே நாம் மன்றத்தை நாட வேண்டியிருந்தது! சொல் நீங்குவது நன்றே. ஆயினும் எமது கவலை வேறு.

பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகையில் 2020-21 முதல் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கும் முறை வந்தது. 2021ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி, மாநிலம் தன் பங்கை முதலில் செலுத்திய பின்னரே மத்தியப் பங்கு, ஆதாருடன் இணைந்த மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரே வந்து சேரும். கணக்கு இணையாவிடில் பணம் வாராது. கல்லூரியோ கட்டணத்திற்குக் காத்திராது. தாயின் தோடு அடகுக் கடைக்குச் செல்வதும், முதலாண்டிலேயே படிப்பு முறிவதும் இவ்விடத்தில்தான்.

ஆகவே மாணவர்களே, விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்புமுன் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் மூன்றையும் இச்சங்க அலுவலகத்தில் காட்டிச் செல்லுங்கள். குறை இருப்பின் வட்டாட்சியரிடமும் வங்கியிடமும் யாமே உடன் வருவோம்.