பாட்டி முகமும் தெரியணும், அகல் விளக்கும் தெரியணும்

கார்த்திகை தீபத்தன்னைக்கு தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் வாசப்படி, மொட்டை மாடி, அப்பார்ட்மெண்ட் காரிடார்னு எங்க பார்த்தாலும் அகல் விளக்கு. அந்த வெளிச்சத்துல பாட்டியை உட்கார வெச்சு, கேமராவை ஆட்டோல போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்க. ஃபிளாஷ் தானா எழும்பும். முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி, பின்னாடி கும்மிருட்டு. விளக்கு எரிஞ்ச அடையாளமே இருக்காது.

வீட்டுப் பெரியவங்களோட நல்ல படம் ஒண்ணு வேணும்னு நாம எப்போ தேடுவோம்னு உங்களுக்கே தெரியும். அதனால இருக்கும்போதே ஒழுங்கா எடுத்துடலாம்.

ஆட்டோ மோட் ஃபிளாஷை மட்டுமே நம்பி ஷட்டரைச் சீக்கிரம் மூடிடுது. விளக்கோட வெளிச்சம் உள்ள வர நேரமே கிடைக்கறதில்ல. நிகான்ல ஃபிளாஷ் மோடை 'ஸ்லோ'வுக்கு மாத்துங்க. கேனான்ல பெரும்பாலும் ஏவி மோட் போட்டாலே போதும். ஐஎஸ்ஓ 800, ஃபிளாஷ் காம்பன்சேஷன் மைனஸ் 1. ஷட்டர் மெதுவாகும், அதனால சுவர்ல சாஞ்சு நின்னு எடுங்க. பாட்டியையும் ஒரு நொடி அசையாம இருக்கச் சொல்லுங்க. ஃபிளாஷ் வெளிச்சம் பகல் மாதிரி வெள்ளை, விளக்கு மஞ்சள். ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற ஆரஞ்சு கண்ணாடி பேப்பரை ஃபிளாஷ் மேல ஒட்டினா ரெண்டும் ஓரளவு ஒத்துப்போகும். டிஷ்யூ பேப்பர் வெச்சா வெளிச்சம் மென்மையாகும்னு சொல்றாங்க. என் கணக்குல அது பவரைக் குறைக்குது, அவ்வளவுதான்.

இந்த ஃபிளாஷ் எவ்வளவு தூரம் போகும்? மேனுவல்ல கைடு நம்பர்னு ஒண்ணு இருக்கும். அதை அப்பர்ச்சரால வகுத்தா தூரம் கிடைக்கும். கைடு நம்பர் 12, எஃப் 4 வெச்சா, ஐஎஸ்ஓ 100-ல 3 மீட்டர். ஐஎஸ்ஓ 400 ஆக்கினா 6. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல ராம்சர் தளம் ஆச்சு. அங்க ரோட்டோரமா நின்னு தூரத்து நாரைக்கு ஃபிளாஷ் அடிக்கிறவங்களைப் பார்த்தா, பாவம், பேட்டரிதான் வீண்.

மத்தியான வெயில்லதான் இது நிஜமாவே உதவும். தலைக்கு மேல சூரியன் இருக்கும்போது கண்குழியெல்லாம் கறுப்பாயிடும். ஃபிளாஷைப் போட்டு, ஒரு மீட்டர் கிட்ட நின்னு எடுங்க. அந்த வெயில்ல எஃப் 11 போல வைக்க வேண்டியிருக்கும், அதனால அதுக்கு மேல எட்டாது.

பூஜை ரூம்ல சாமி படக் கண்ணாடிக்கு நேரா நிக்காம கொஞ்சம் சாய்வா நில்லுங்க. லென்ஸ் ஹுட்டைக் கழட்டிடுங்க, இல்லைன்னா படத்தோட அடியில அரைவட்டமா ஒரு நிழல் விழும்.