வாணிபத்திற்கு வீடியோ

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், கோந்த்வா வாழ் தமிழ்க் குடும்பங்களின் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். கம்பரையும் வள்ளுவரையும் கேட்டு மகிழக் கூடியிருக்கும் சபையில், ரயில்வே பார்சல் ஆபீஸில் பேரேடு எழுதும் ஒரு குமாஸ்தா வீடியோவைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் எண்ணக்கூடும். எனினும் காரணமின்றி இப்பொருளை நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

நம் காலனியில் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. சிறு தொழிலை நம்பி வாழும் குடும்பங்களும் குறைவல்ல. லேத் பட்டறை வைத்திருப்போர் உளர். தையல் கூடம் நடத்துவோர் உளர். இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்போரும், பொடியும் ஊறுகாயும் செய்து விற்கும் தாய்மார்களும் உளர். முன்னாளில் சரக்கு வாங்க விரும்புவோர் நேரில் வந்து பார்த்துப் பேசி முடிப்பர். இன்றோ, "முதலில் ஒரு வீடியோ அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று தொலைபேசியிலேயே கூறிவிடுகின்றனர். அந்த இரண்டு நிமிஷப் படமே, பட்டறைக்கு ஆர்டர் வருமா, வேலையாட்களுக்கு வாரக் கூலி கிடைக்குமா என்பதை முடிவு செய்துவிடுகிறது. ஆதலின் இது பொழுதுபோக்கு விஷயமன்று, வயிற்றுப்பாட்டு விஷயம்.

முதற்கண், இத்தகைய படத்தைப் பார்ப்பவர் யார் என்பதைச் சிந்திப்போம். சினிமாக் கொட்டகையில் அமர்ந்திருப்பவர் மூன்று மணி நேரத்தைத் தாமே கொடுக்க வந்தவர். கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருப்பவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய மேஜையில் பத்துப் பேருடைய படங்கள் காத்துக் கிடக்கின்றன. அவர் கேட்பவை மூன்றே கேள்விகள்: இவர் என்ன செய்கிறார்? அதைச் சரியாகச் செய்கிறாரா? நாளையும் இதே தரத்தில் செய்வாரா? இம்மூன்றுக்கும் விடை தராத எந்தக் காட்சியும், எவ்வளவு அழகாக இருப்பினும், அவருக்கு வீணே.

நாம் தினந்தோறும் பார்க்கும் பார்சலையே உதாரணமாகக் கொள்ளலாம். அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், சேர வேண்டிய ஊர், உள்ளிருக்கும் சரக்கு, எடை ஆகியவை லேபிளில் தெளிவாக இருந்தால் மூட்டை ஊர் போய்ச் சேரும். லேபிள் இல்லாத மூட்டை பட்டுத்துணியால் கட்டப்பட்டிருந்தாலும் உரிமை கோருவாரின்றிக் கிடங்கிலேயே கிடக்கும். வீடியோவும் அவ்வாறே. படம் எடுக்கு முன்னர் ஒரு தாளில், "இது யாருக்கு? அவர் பார்த்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும்?" என்ற இரண்டு வரிகளை எழுதிக்கொள்ள வேண்டும். கடன் கேட்டு வங்கி மேலாளருக்குக் காட்டும் படம் வேறு. உதிரிப் பாகம் வாங்கும் தொழிற்சாலைக்குக் காட்டும் படம் வேறு. ஒரே படத்தை எல்லோருக்கும் அனுப்புவது, ஒரே மூட்டைக்கு நான்கு ஊர் லேபிள் ஒட்டுவதற்கு ஒப்பாகும்.

நிற்க. வாணிபத்திற்காகப் படம் காட்டுவது நேற்று முளைத்த பழக்கம் என்று எண்ண வேண்டா. சலனப்படத்தின் வரலாறே தொழிற்சாலை வாசலில்தான் தொடங்குகிறது. பிரான்ஸ் நாட்டு லூமியேர் சகோதரர்கள் 1895-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டிய முதற்படம், லியோன் நகரில் அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வேலை முடிந்து வெளிவரும் காட்சியாகும். ஒரு நிமிஷத்திற்கும் குறைவான அப்படத்தை அவர்கள் ஒரு முறை எடுத்ததோடு நின்றுவிடவில்லை. அதில் மூன்று வடிவங்கள் இன்றும் உள்ளன.

நம் நாட்டிலும், இதே மகாராஷ்டிரத்தில், இதைவிடச் சுவையான உதாரணம் உண்டு. தாதாசாகேப் பால்கே 1912-இல் லண்டன் சென்று காமிரா வாங்கி வந்தார். படம் எடுக்கப் பணம் வேண்டும். சினிமா என்றால் என்னவென்றே அறியாத தனவந்தர்களிடம் வாய்ப்பேச்சு செல்லுமோ? அவர் ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, அதன் முன் காமிராவை நிறுத்தி, ஒரு மாதத்திற்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். விதை முளைத்துச் செடியாகிக் கொடியாகப் படரும் காட்சியை ஏறத்தாழ ஒரே நிமிஷத்தில் ஓட்டிக் காட்டினார். அதைக் கண்டவர்களுள் சிலர் கடன் தர முன்வந்தனர். அவ்வுதவியால் பிறந்ததே 1913-இல் வெளியான ராஜா ஹரிச்சந்திரா. அந்த ஒரு நிமிஷத்தில் பால்கே தம்மைப் பற்றி ஒரு புகழுரையும் சேர்க்கவில்லை. தம் கைத்திறனால் ஆகக்கூடியது எது என்பதை மட்டும் காட்டினார். வாணிபப் படத்திற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்று கூறின் மிகையாகாது.

தமிழர்க்கும் இந்தப் புனே நகருக்கும் இவ்விஷயத்தில் பழைய உறவு உண்டு. சென்னையில் மோட்டார் வாணிபம் செய்துவந்த நடராஜ முதலியார், புனேயில் இருந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரிடம் காமிராவைக் கையாளப் பயின்றார். பின்னர் சென்னை திரும்பி, தென்னாட்டின் முதல் மௌனக் கதைப்படமான கீசக வதத்தை எடுத்தார். ஒரு வியாபாரி இவ்வூருக்கு வந்து தொழில் கற்றுச் சென்றதனால் தமிழ்ப்பட உலகம் பிறந்தது. அதன் பின் 1933-இல் பிரபாத் பிலிம் கம்பெனி கோலாப்பூரிலிருந்து புனேக்கு வந்தது. அந்த ஸ்டூடியோ இருந்த நிலத்தில்தான் 1960-இல் மத்திய அரசு திரைப்படக் கல்லூரியை நிறுவியது. 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இந்நகரில் தோன்றியது. இத்தகைய ஊரில் வாழும் நாம், நம் பட்டறையை நாமே திருத்தமாகப் படம் எடுக்க அறியாதிருத்தல் அழகன்று.

இனி, நாம் வலியுறுத்த விரும்பும் முக்கியமான கருத்திற்கு வருவோம். படம் எடுக்கும்போது ஏற்பாடு செய்வது வேறு. பொய் சொல்வது வேறு.

1936-இல் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் படப்பிரிவு, இரவில் ஓடும் தபால் ரயிலைப் பற்றி 'நைட் மெயில்' என்றொரு படம் எடுத்தது. ரயில்வேயில் ஊழியம் செய்யும் நம் போன்றோர் அவசியம் காண வேண்டிய படம். அதில் ஓடும் வண்டிக்குள் ஊழியர்கள் கடிதம் பிரிக்கும் காட்சி வருகிறது. உண்மையில் அது ஸ்டூடியோவில் அமைத்த பெட்டி. வண்டி ஓடுவது போல ஊழியர்கள் உடலை அசைத்துக்கொண்டே வேலை செய்தனர். இது மோசடி ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. ஏனெனில் அவர்கள் உண்மையான தபால் ஊழியர்கள்; செய்த வேலை அவர்கள் இரவுதோறும் செய்யும் வேலையே. படம் பார்த்தவர் மறுநாள் அந்த வண்டியில் ஏறிப் பார்த்தாலும் அதே வேலையைத்தான் கண்டிருப்பார்.

இதுவே நமக்கு உரைகல். நம் படத்தைப் பார்த்தவர் மறுநாள் முன்னறிவிப்பின்றி நம் பட்டறை வாசலில் வந்து நின்றால், படத்தில் கண்டதையே நேரிலும் காண வேண்டும். அதற்காகத் தரையைப் பெருக்கலாம், விளக்கைக் கூட்டலாம், ஒரே வேலையை மூன்று முறை செய்யச் சொல்லலாம். இல்லாததை இருப்பதாகக் காட்டுதல் மட்டும் கூடாது.

நமக்கு அறிமுகமான பட்டறை முதலாளி ஒருவர் இருக்கிறார். அவரிடம் இரண்டு லேத்துகளும் ஆறு ஆட்களும் உண்டு. அவருக்குப் படம் எடுக்க வந்தவர், "உங்கள் இடம் சிறியது, வேறொரு தொழிற்சாலையின் பெரிய இயந்திரங்களை இடையில் சேர்த்துவிடலாம்" என்று ஆலோசனை கூறினார். படம் கம்பீரமாகவே அமைந்தது. அதைக் கண்ட ஒரு கம்பெனி அதிகாரி பட்டறைக்கு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த இயந்திரம் எங்கே?" என்று ஒரே கேள்வி கேட்டார். தேநீரைக்கூட முழுவதும் அருந்தாமல் போய்விட்டார். அந்த ஆறு ஆட்களுள் இருவர் அம்மாதமே வேறு வேலை தேட நேர்ந்தது.

பின்னர் நம் காலனி இளைஞர் இருவர் கைத்தொலைபேசியைக் கொண்டே அவருக்கு வேறொரு படம் எடுத்தனர். அதில் அதே சிறு கொட்டகை. அதே இரண்டு லேத்துகள். ஆனால் கடைந்தெடுத்த பாகத்தை மைக்ரோமீட்டரில் வைத்து அளவு காட்டினர். அளவு பிசகியவற்றை முதலாளி தாமே ஒதுக்கிப்போடும் சிவப்புப் பெட்டியையும் காட்டினர். "இதையெல்லாம் காட்டலாமா?" என்று முதலாளி தயங்கினாராம். அந்தச் சிவப்புப் பெட்டியைக் கண்டுதான் மற்றொரு கம்பெனியார் சோதனைக்காகச் சிறிய ஆர்டர் ஒன்று கொடுத்தனர். தவறிய சரக்கைத் தானே தள்ளுபவன் தங்களுக்கு நல்ல சரக்கையே அனுப்புவான் என்பது அவர்கள் கணக்கு. பெரிய ஆர்டர் இன்னும் வரவில்லை, கதவு திறந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலையும், அவர்களுடைய செல்வத்தோடு நடுவுநிலை பிறழாத நெஞ்சையும் சேர்த்தே புகழ்கிறது என்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறோம்.

அடுத்து, செய்முறையைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு புரியாவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். நம் கடி மெஷின் சௌக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தியில் கடி என்றால் ஜல்லி. ஜல்லி இயந்திரத்தின் பெயரைத் தாங்கிய அவ்விடத்தில் லாரிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. அப்பக்கம் பட்டறை வைத்திருப்போர் அதிகாலையில் பேச்சைப் பதிவு செய்வது நலம். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சட்டையில் குத்திக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இயந்திரத்தின் ஓசையைத் தனியே பதிந்து, பேச்சின் கீழ் மெல்லச் சேர்க்கலாம்.

இரண்டாவது ஒளி. பேசுபவர் ஜன்னலை நோக்கி நிற்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று உடையது. அதனால் ட்யூப்லைட்டின் வெளிச்சம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. இது கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடுவதன் காரணம் இதுவே. வினாடிக்கு 25 படம், ஒவ்வொரு படத்திற்கும் 1/50 வினாடி என்று காமிராவில் அமைத்துக்கொண்டால் அக்குறை பெரும்பாலும் நீங்கும்.

மூன்றாவது நிதானம். காமிராவை முக்காலி ஸ்டாண்டில் பொருத்தி, ஒவ்வொரு காட்சியையும் பத்து வினாடியேனும் அசையாமல் எடுக்க வேண்டும். முதலில் கூடம் முழுவதும், பிறகு வேலை செய்யும் ஆள், பிறகு அவருடைய கை என்று மூன்று தூரங்களில் எடுத்தால் பின்னர் கோப்பது எளிது. பேச்சை முன்கூட்டியே எழுதி, நிமிஷத்திற்கு நூறு சொற்களுக்கு மேற்படாமல் அமைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது வெட்டுதல். ஏ. கே. செட்டியார் 1940-இல் வெளியிட்ட மகாத்மா காந்தி பற்றிய படத்திற்காக உலகின் பல பாகங்களில் அலைந்து ஏறத்தாழ 50,000 அடிப் படச்சுருள் திரட்டினார். அதில் ஒரு பகுதியே திரைக்கு வந்தது. அரும்பாடுபட்டுச் சேர்த்ததையே அவர் விலக்கத் துணிந்தார் எனில், கைத்தொலைபேசியில் எடுத்ததை நீக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஐந்தாவது எழுத்து. அலுவலகத்தில் பலர் ஒலியை அடக்கி வைத்துப் பார்ப்பதால், பேச்சைப் படத்தின் அடியில் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத்தாகவும் தர வேண்டும். இவ்வூரில் நம் சரக்கை வாங்குவோர் பெரும்பாலும் மராத்தி பேசுவோர். அவர்கள் மொழியில் சொல்வது மரியாதையும் ஆகும், இலாபமும் ஆகும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பிடித்த சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்துவிடுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரியவர் அனுமதியின்றி அவ்வாறு செய்தல் குற்றம். வேலையாட்களின் முகத்தைக் காட்டு முன் அவர்களுடைய சம்மதம் பெறுக. பிற கம்பெனியார் நம்பிக் கொடுத்த வரைபடங்கள் சுவரில் தொங்கினால் முதலில் அவற்றை அகற்றுக. ஒருவருடைய இரகசியத்தைக் காக்காதவனிடம் மற்றொருவர் தம் இரகசியத்தைக் கொடுக்கமாட்டார்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஒரு முக்காலி ஸ்டாண்டும் இரண்டு காலர் மைக்குகளும் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கப்படல் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, நம் இளைஞர்கள் ஏதேனும் ஒரு குடும்பத்தின் தொழிலைப் படமெடுத்துக் கொடுக்கட்டும். மாவு அரைக்கும் அம்மையாரும் பெரிய ஓட்டல்களுக்குத் தம் கைத்திறனை அச்சமின்றிக் காட்டும் நிலை வர வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. காக்கப்படும் குடும்பங்களோ பல.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!