சின்னஞ்சிறு எஞ்சின்கள்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய தலைப்பைக் கேட்டதும், விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சிலர் எண்ணியிருக்கலாம். சாவி கொடுத்து ஓடவிடும் தகர வண்டிகள் நம் பேச்சுக்குப் பொருளல்ல. பெரிய எஞ்சின் ஒன்றை அளவுப் பிரமாணம் பிசகாமல் பத்தில் ஒன்றாகவோ பதினாறில் ஒன்றாகவோ குறுக்கி, இரும்பாலும் செம்பாலும் பித்தளையாலும் செய்து, மெய்யான நீராவியைக் கொண்டே ஓட்டுவதுதான் நாம் கூறவந்த பொழுதுபோக்கு. இங்கிலாந்திலே இது நன்கு வேரூன்றியது. 1898 இல் பேர்சிவல் மார்ஷல் என்பவர் இதற்கென்றே 'மொடல் எஞ்சினியர்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலண்டனில் இத்துறையினர் ஒரு சங்கமும் அமைத்தனர். பகலெல்லாம் கந்தோரில் கணக்கெழுதியவர், இரவில் வீட்டுப் பின்புறக் கொட்டிலில் கடைச்சல் இயந்திரத்தின் முன் நிற்பது அந்நாட்டில் புதுமையல்ல.

"இத்தனை பாடுபட்டு ஒரு முழ நீளத்தில் எஞ்சின் செய்வதால் என்ன பிரயோசனம்?" என்று பெரியவர் ஒருவர் வாயிலிலேயே நம்மைக் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. சுற்றி வளைக்காமல் ஒரு சரித்திரத்தைக் கூறுகிறோம்.

1763 ஆம் ஆண்டு. கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஜேம்ஸ் வாற் என்ற 27 வயது இளைஞர் விஞ்ஞானக் கருவிகள் செய்தும் பழுதுபார்த்தும் வந்தார். பட்டதாரி அல்லர். கைவினைஞர். அங்கே மாணவர்க்குக் காட்டுவதற்காக நியூகொமன் எஞ்சினின் மாதிரி ஒன்று இருந்தது. சுரங்கங்களில் நீர் இறைக்க அக்காலத்தில் வழங்கிய எஞ்சின் அது. உருளைக்குள் நீராவி நிரம்பும். குளிர்ந்த நீர் உள்ளே தெளிக்கப்படும். நீராவி ஒடுங்கி வெற்றிடமாகும். வெளிக்காற்றின் அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளும். (பிஸ்ரன் என்று நாம் வழக்கமாகச் சொல்வதற்கு முசலம், அதாவது உலக்கை, என்று பெயர் வைத்தவர் யாரோ நல்ல இரசிகர். உரலும் உலக்கையும் கண்ட எவருக்கும் விளக்கம் தேவையில்லை.)

மாதிரி சரியாக ஓடவில்லை. இலண்டனுக்கு அனுப்பியும் பயனில்லாமல் திரும்பி வந்தது. வாற் அதைச் செப்பனிட்டு நெருப்பு மூட்டினார். சில அடிகள் அடித்தது, நின்றுவிட்டது. கொதிகலத்தில் நீராவி தீர்ந்துவிட்டது. பார்வைக்குக் கொதிகலம் போதிய பெரிதாகவே இருந்தது. உருளையோ 2 அங்குல விட்டமுடையது. அப்படியிருக்க நீராவி எங்கே போயிற்று?

வேறொருவராயின் சற்றுப் பெரிய கொதிகலம் ஒன்றை வைத்து வகுப்பை ஒப்பேற்றியிருப்பார். வாற் அந்த இளைஞர் வயதிலே, ஏன் என்ற கேள்வியை விடவில்லை. ஒவ்வோர் அடிக்கும் உருளை சூடாகிறது, உடனே குளிர்கிறது. அடுத்த அடிக்கு மீண்டும் சூடாக்கவே நீராவியின் பெரும்பகுதி வீணாகிறது. பெரிய எஞ்சினிலும் இந்த நட்டம் உண்டு. ஆனால் சுரங்க வாயிலில் நிலக்கரி மலிந்து கிடந்ததால் எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. சிறிய எஞ்சின் நின்றுபோனபடியால் அந்த உண்மையை மறைக்க முடியவில்லை. 1765 இல் நீராவியை உருளைக்கு வெளியே, தனியான ஒடுக்கியில் ஒடுக்கலாம் என்ற எண்ணம் வாற்றுக்கு உதித்தது. 1769 இல் உரிமைப் பத்திரம் கிடைத்தது. உலகத்துத் தொழிற்சாலைகளின் போக்கை மாற்றிய எண்ணம், ஓடாத ஒரு சிறு மாதிரியைப் பழுதுபார்க்கும்போது பிறந்தது. அந்த மாதிரி கிளாஸ்கோ சர்வகலாசாலையின் ஹண்டேரியன் நூதனசாலையில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

சிறியது ஏன் பெரியதைப்போல் நடப்பதில்லை? இதற்குக் கணக்கு எளிது. நீளத்தை 16 இல் ஒன்றாக்கினால் பரப்பு 256 இல் ஒன்றாகும். கனவளவோ 4,096 இல் ஒன்றாகும். உள்ளே இருக்கும் நீராவி 4,096 இல் ஒரு பங்கு. அதன் சூட்டைக் கவர்ந்துகொள்ளும் சுவரின் பரப்பு மட்டும் 256 இல் ஒரு பங்கு. ஆகவே, நீராவியின் அளவோடு ஒப்பிட்டால் சூட்டை இழக்கும் பரப்பு 16 மடங்கு. இரும்பை நாம் குறுக்கலாம். நெருப்பையும் நீரையும் குறுக்க முடியாது. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை அளவுப்படி மெல்லியதாக்கினால், நீர் அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு பொய்மட்டம் காட்டும். பெரிய கொதிகலத்தில் 2 அங்குல விட்டமுள்ள புகைக்குழாய், பதினாறில் ஒன்றில் அங்குலத்தின் எட்டிலொரு பங்காகிவிடும். புகை செல்லாது, சாம்பல் அடைக்கும். ஆகையால் கைதேர்ந்தவர்கள் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து அவற்றைப் பருமனாக்குகிறார்கள்.

இவ்விஷயத்தில் இங்கிலாந்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. 1920 களில், எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய ஒருவர் (அது ஒரு புகையிரதக் கம்பனியின் பெயரின் முதலெழுத்துக்கள்) இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் 'ஆயிஷா' என்ற எஞ்சினைச் செய்தார். அத்தனை சிறிய எஞ்சின் நிலக்கரியில் எரிந்து வளர்ந்த மனிதனை இழுக்குமா என்று ஐயுற்றவர்கள் பலர். ஆயிஷா இழுத்துக் காட்டியது. வாக்குவாதமும் ஒருவாறு அடங்கிற்று. பின்னர் பல ஆண்டுகளாக, கடைச்சல் வேலை அறியாத சாதாரண மனிதருக்கும் விளங்கும்படி, உறுப்பு உறுப்பாக விளக்கி அவர் எழுதிய கட்டுரைகளைப் பார்த்து எஞ்சின் செய்தவர் எத்தனையோ பேர்.

ஓடுவது முக்கியமா, தோற்றம் பிசகாதிருப்பது முக்கியமா என்று கேட்டால், நாம் ஓட்டத்தின் பக்கமே நிற்போம். ஆயினும் இரண்டையும் சாதித்தவர் உண்டு. செரி ஹில் என்ற ஆங்கிலப் பெண்மணி 1931 இல் பிறந்தவர். பழைய வரைபடங்களைத் தேடி, மக்கள் மறந்துபோன இழுவை எஞ்சின்களைப் பதினாறில் ஒன்றாக, ஆணி முதல் சங்கிலி வரை தம் கையாலேயே செய்தார். ஒரு மாதிரிக்குப் பல வருஷங்கள் செல்லும். இத்துறையின் உயர்ந்த பரிசாகிய எடின்பரோக் கோமகன் கேடயம் ஒன்பது முறை அவரை அடைந்தது. இரும்பு வேலை பெண்களுக்கு ஆகாது என்று நினைக்கும் வாலிபர் இங்கு எவரேனும் இருந்தால், அன்னாரின் வேலையை நிழற்படத்திலாவது பார்க்கட்டும்.

இனி, நம்மவர் தொடங்குவது எங்ஙனம்? நிலைக்குத்தான ஒற்றை உருளை எஞ்சினே முதல் வேலைக்கு உகந்தது. ஹென்லி நகரில் ஸ்டுவர்ட் ரேணர் கம்பனியார் வெளியிட்ட '10 வி' என்ற மாதிரி பெயர்பெற்றது. உருளையின் விட்டமும் முசலத்தின் ஓட்டமும் முக்கால் அங்குலம். பறப்புச் சில்லு 3 அங்குலம். வார்ப்புகள் கரடுமுரடாகவே வரும். அவற்றை அராவி, கடைந்து, துளைத்து எஞ்சினாக்குவது வாங்கியவர் வேலை. உருளையைக் கடைந்தெடுப்பதில் பொறுமை வேண்டும். அதைவிடப் பொறுமை வேண்டியது நீராவிப் பெட்டியின் வழுக்கு வால்வைச் சரிக்கட்டும்போது. மூடியைக் கழற்றிவிட்டு, சில்லைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்கவேண்டும். மேல் வாயில் திறக்கும் அளவும் கீழ் வாயில் திறக்கும் அளவும் ஒத்திருக்கவேண்டும். வால்வை அசைக்கும் மையம் விலகிய சில்லு, முசலத்தின் சுழற்றிக்குக் கால் வட்டத்துக்குச் சற்று மேலாக முந்தி நிற்கவேண்டும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதை விரலும் கண்ணும் சேர்ந்தே பிடிக்கும். கணினி இயந்திரங்கள் இன்று உறுப்புகளை மயிரிழை பிசகாமல் வெட்டித் தருகின்றன. நல்லதுதான், வேண்டாமென்று சொல்லோம். ஆனால் சர்வகலாசாலையில் இவ்வால்வின் படத்தை எத்தனையோ முறை வரைந்து புள்ளிகளும் பெற்ற நாம், ஊர்க் கடைச்சற் பட்டறையில் ஒருநாள் மாலை அதைக் கையில் பிடித்துத் திருப்பியபோதுதான் அதன் கருத்தை உணர்ந்தோம். நமக்கு அதைக் காட்டித் தந்தவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவரை இந்த மண்டபத்துக்கு அழைக்க வேண்டுமென்று செயலாளரிடம் முன்னரே கேட்டிருக்கிறோம்; மறுமொழி இன்னும் வரவில்லை!

கொதிகலத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கத்தில் நீராவியின் சூடு ஏறக்குறைய 162 பாகை செல்சியஸ். சாதாரண ஈயப் பற்றாசு 183 பாகையளவிலேயே உருகத் தொடங்கும். நீர் சற்றுக் குறைந்தாலும் பொருத்து விட்டுப்போகும். ஆகவே செம்புக் கொதிகலத்தை 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசினாலேயே பொருத்தவேண்டும். நெருப்பு மூட்டுமுன் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அமுக்கத்தின் இருமடங்காகிய 160 இறாத்தலுக்கு அமுக்கிச் சோதிக்கவேண்டும். குளிர்நீர் என்றால் பிளந்தாலும் ஒழுகும், அவ்வளவே. நீராவி உயிரைக் கொண்டுபோகும்.

புகையிரத எஞ்சினில் ஆசைகொண்டவர்களுக்கு இன்னொரு விஷயம். இங்கிலாந்தின் பாதை 4 அடி 8½ அங்குல அகலம். இலங்கையின் பாதை 5 அடி 6 அங்குலம். 5 அங்குல மாதிரிப் பாதையில் அவர்களுடைய எஞ்சின் 11.3 இல் ஒன்றாகும்; நம்முடையது 13.2 இல் ஒன்றாகும். ஆங்கிலேயர் வரைபடத்தை வாங்கிச் செய்து, நம் நாட்டு வர்ணத்தைப் பூசிவிட்டால் அது நம் எஞ்சின் ஆகாது. நமக்கு வரைபடம் நாமே வரையவேண்டும். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 முதல் யாழ்ப்பாணம் வராமல் நின்று, 2014 இலேதான் மீண்டும் வந்தது. இடையிலே வளர்ந்த பிள்ளைகள் பலர் புகையிரதத்தைப் படத்திலேயே கண்டார்கள். தண்டவாளத்தையும் பழைய நீராவி எஞ்சின்களையும் கண்ணால் கண்ட பெரியவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். அவற்றின் நிழற்படமோ, அளவுக் குறிப்போ, ஞாபகமோ எதுவாயினும் எங்களுக்குத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வாலிபர்கள் கொதிகலத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. முதல் எஞ்சினைச் சைக்கிள் பம்பின் காற்றைக்கொண்டே ஓட்டிப் பார்க்கலாம். ஓர் இடுக்கி, இரண்டு மூன்று அரங்கள், ஒரு வேணியர் இடுக்குமானி ஆகியவை நம்மிடம் உண்டு. மண்டபத்தின் பின்னறைத் திறப்பைத் தலைவர் அவர்கள் தந்தருளினால், வரும் சனிக்கிழமை பின்னேரமே தொடங்கிவிடுவோம்.