ஆலமரத்தடியில் யாருக்கு எவ்வளவு மரியாதை?

(விக்கிப்பீடியா பயிலரங்கு ஒன்றின் தொடக்கத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிப்பவர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். வைத்தவர்கள் பிரியமாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் நம்மில் பலருக்கு ஆலமரத்தடி என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். மேடையில் உட்கார்ந்திருப்பவர் யார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பவர் யார், கடைசியில் அபராதம் யாருக்கு? பெயரை மாற்றச் சொல்லி நான் இங்கே வரவில்லை. அந்த மரத்தடியில் மரியாதை எப்படி அளக்கப்படுகிறது என்பதைத்தான் பேச வந்தேன்.

விக்கிப்பீடியாவின் ஐந்து தூண்களில் நான்காவது, பயனர்கள் ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும் என்பது. எதிராளி நல்லெண்ணத்தோடுதான் எழுதினார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தைப் பற்றிப் பேசலாம், எழுதியவரைப் பற்றிப் பேசக் கூடாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் திருத்தத்தை மீளமைத்தால் தடை வரும்.

இந்த விதிகள் எனக்குப் பிடிக்கும். ஊரில் நாம் வாயைத் திறந்தால் முதலில் வருவது “நீ யாரு, யார் வீட்டுப் பிள்ளை?” என்ற கேள்விதான். இங்கே அதைக் கேட்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் யாரைப் பற்றி எழுதினாலும் ‘அவர் பிறந்தார், அவர் படித்தார்’ என்றுதான் எழுதுகிறார்கள். எழுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பையன் ‘வாடா’ என்று கூப்பிட்ட மண் இது. இங்கே அந்த ‘ர்’ ஒன்றும் சின்ன விஷயமில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? இப்படி ஒரு சண்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு சாதியைப் பற்றிய கட்டுரை. ‘மரபுத் தொழில்’ என்ற துணைத்தலைப்பில் அம்மக்களை இழிவாகச் சொல்லும் ஒரு வரி. அதற்குச் சான்று, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூல். தலையையும் மூக்கையும் அளந்து மனிதரை வகைப்படுத்திய ஆள் தர்ஸ்டன். நம் மாணவர் ஒருவர் அந்த வரியை நீக்குகிறார். இன்னொருவர் அதைத் திரும்பச் சேர்க்கிறார். “தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. சான்றுள்ள தகவலை நீக்க வேண்டாம்.” என்ன பணிவு பாருங்கள்! மறுபடி நீக்கம், மறுபடி நன்றி. மூன்றாம் முறை மாணவர் பொறுமை இழந்து, “உன் சாதிப் புத்தி போகாதா?” என்று எழுதிவிடுகிறார். எச்சரிக்கை யாருக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்த வாக்கியத்தை எழுத வேண்டாம் என்றுதான் சொல்வேன். பண்புக்காக அல்ல. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தர்ஸ்டனைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், உங்கள் வாயைப் பற்றித்தான் பேசுவார்கள்.

‘தாங்கள்’ போட்டு எழுதிவிட்டால் மரியாதை வந்துவிடுமா? எதிர்வாதத்தைப் படிக்காமலே அதே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டுவதும் அவமரியாதைதான். இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, விதியிலேயே இடமிருக்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அறிவித்த உலகளாவிய நடத்தை நெறிமுறையில், எந்த வேறுபாடும் பாராமல் எல்லாரையும் மதிக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் ‘சாதி’ என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தெற்காசியச் சாதிகள் பற்றிய பக்கங்களுக்கு 2012இலிருந்தே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. தர்ஸ்டன் போன்ற காலனியகால நூல்களைச் சாதிக் கட்டுரைகளுக்கு நம்பத்தக்க சான்றாகக் கொள்வதில்லை என்பதும் அங்கே பேசிப் பேசி உருவான நிலைப்பாடு. யாரோ சிலர் பல ஆண்டுகள் பேச்சுப் பக்கங்களில் சலிக்காமல் வாதாடியதால் வந்தது அது. க்ஷத்திரியப் பட்டம் கேட்டு வந்த ஆண்ட பரம்பரைகளிடமும் அவர்கள் அதே சான்றுக் கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“சான்று கொடுங்கள்” என்ற பணிவான வேண்டுகோள்தான் நமக்குக் கடினமானது. இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல். அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907இல் வந்தது. அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் பெருந்தொகுப்பாக வெளியிட்டது 1999இல். இடைப்பட்ட 90 ஆண்டுகள் தர்ஸ்டன் நூலக அலமாரியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். ஆகவே சான்று தரத் தாமதமானால் அதை நம் சோம்பல் என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தாமதத்தின் வரலாற்றையும் பேச்சுப் பக்கத்திலேயே எழுதுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் நாம் சொன்னது காற்றோடு போனது. இங்கே ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்தோடு ‘வரலாறு’ பக்கத்தில் நிற்கும். அடுத்து வருகிற பிள்ளை அதைப் படித்துவிட்டு, நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியும்.

சரி, மடிக்கணினியைத் திறங்கள். ஆளுக்கொரு சாதிக் கட்டுரையை எடுத்து, அதில் தர்ஸ்டன் எத்தனை இடத்தில் சான்றாக வருகிறார் என்று எண்ணுங்கள். இன்றைக்கு எதையும் நீக்க வேண்டாம். முதலில் பேச்சுப் பக்கத்தில் கேள்வியை எழுதுவோம். கடைசியில் நான்கு அலைக்குறி போட மறந்துவிடாதீர்கள், அப்போதுதான் உங்கள் கையொப்பம் விழும்.