கடலடியில் கொதிக்கும் ஊற்றுகள்

(வெள்ளி விழாவையொட்டிக் கிணத்துக்கடவில் நிகழ்த்திய உரை)



கிணற்றைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர் இது. இங்கு வந்து கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பாறை இடுக்கில் நீர் எவ்வாறு இறங்கும், எங்கே ஊறும் என்பதைக் கிணறு வெட்டிய கைகள் நன்கு அறியும். கடலடியிலும் நடப்பது அதுவே. அங்கே நெருப்பு கூடுதல்.

பூமியின் மேலோடு பல தட்டுகளால் ஆனது. இந்தியப் பெருங்கடலின் நடுவில் தட்டுகள் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன. விலகும் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். ஏறத்தாழ விரல்நகம் வளரும் வேகம். அந்தப் பிளவில் கீழிருந்து பாறைக்குழம்பு எழுந்து, உறைந்து, நீருக்குள்ளேயே பெரும் மலைத்தொடராக நிற்கிறது. அரபிக்கடற் பகுதியில் அதற்குக் கார்ல்ஸ்பர்க் தொடர் என்று பெயர். தெற்கே அது மத்திய இந்தியத் தொடர். டென்மார்க் நாட்டு மது ஆலை ஒன்றின் பெயரால் அமைந்த அறக்கட்டளை ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பொருளுதவி செய்தமையால் வந்த பெயர் அது. அறிவுக்குக் கொடுத்த பணம் மலைக்குப் பெயராகியிருக்கிறது! நம் சங்கத்திற்கு நன்கொடை அளிப்போர் இதைக் கவனிக்கலாம்.

நம் ஊர்க் கிணறுகளில் தென்படும் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. கடற்றரையிலோ இருபது கோடி ஆண்டுகளைத் தாண்டிய பாறை காண்பது அரிது. மலைத்தொடரின் உச்சியில் இன்றும் புதுத்தரை பிறந்துகொண்டிருக்கிறது.

அவ்விடத்து வெடிப்புகளில் கடல்நீர் இறங்குகிறது. பாறைக்குழம்பின் வெம்மையால் காய்ந்து, செம்பு, துத்தநாகம், இரும்பு, கந்தகம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலே பீறிடுகிறது. சில ஊற்றுகளில் வெப்பம் 350 பாகை செல்சியசையும் தாண்டும். அத்தனை வெப்பத்திலும் அந்நீர் ஆவியாகிப் போவதில்லை. 4500 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ 450 கிலோ பாரம் அழுத்துவதே காரணம். குளிர்ந்த கடல்நீரைத் தொட்டதும் கரைந்திருந்த உலோகங்கள் கரும்புகைபோல் வெளிப்பட்டுப் படிகின்றன. படிந்து படிந்து புகைபோக்கிகளாக உயர்கின்றன.

இவ்வூற்றுகளை மனிதர் முதன்முதலில் நேரில் கண்டது 1977ஆம் ஆண்டில், காலபகோஸ் தீவுகளுக்கு அருகில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில். அதே 1977இல்தான் உலகக் கடல்தரை முழுவதையும் காட்டும் படம் ஒன்று வெளிவந்தது. அதை உருவாக்கிய இருவருள் ஒருவர் மேரி தார்ப் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பெண் என்ற காரணத்தால் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறவிடவில்லை. ஆண்கள் கொண்டுவந்த ஆழக் கணக்குகளை மேசையில் பரப்பி, அட்லாண்டிக் மலைத்தொடரின் நடுவே நீண்ட பள்ளம் ஓடுவதை 1950களின் தொடக்கத்தில் அவர் கண்டுரைத்தார். பெண்பிள்ளைப் பேச்சு என்று அதை முதலில் ஒதுக்கினார்கள். பின்னர் அந்தப் பள்ளமே கண்டங்கள் நகர்வதற்குச் சான்றாயிற்று.

இனி நம் நாட்டுச் செய்தி. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும், கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையமும் இணைந்து, இந்தியப் பெருங்கடலில் 4500 மீட்டர் ஆழத்திலுள்ள ஓர் உயிர்ப்பான ஊற்றைத் தானியங்கிக் கலத்தின் மூலம் படம்பிடித்தன. 2024 டிசம்பரில் அதனை அறிவித்தன. மூவரை 6000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டுசெல்ல மத்ஸ்யா 6000 என்னும் கலமும் உருவாக்கப்பட்டு வருகிறது. மனிதர் அமரும் அறை 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கோளம். இரு அரைக்கோளங்களை எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்து ஒன்றாக்குகிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் பயிலும் தம்பிமார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பற்றவைப்பில்தான் மூன்று உயிர்கள் இருக்கின்றன.

இவ்வளவு முயற்சி எதற்கு? ஊற்றுகள் குவித்த செம்பும் துத்தநாகமும் பொன்னும் அங்கே கிடக்கின்றன. எந்த நாட்டிற்கும் உரிமையற்ற ஆழ்கடல் தரையின் கனிவளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை கூறுகிறது. நம்மவர் வெட்டிய கிணற்றிலேயே நம்மவர் நீர் மொள்ளக்கூடாதென்றிருந்த காலத்தை இங்குள்ள பெரியோர் அறிவர். பொது என்று ஏட்டில் எழுதியிருந்தால் மட்டும் பங்கு கிடைத்துவிடாது. பங்கு கேட்கச் செல்பவனுக்கு அங்கே என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியா 2016இல் ஒன்றும் 2025இல் ஒன்றுமாக, பன்னாட்டுக் கடல்தரை ஆணையத்துடன் இரு ஒப்பந்தங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் 10,000 சதுர கிலோமீட்டரில் இக்கனிமங்களை ஆய்வதற்கு மட்டும் உரிமை பெற்றுள்ளது. அகழ்ந்தெடுப்பதற்கான விதிகள் 2025 வரை முடிவாகவில்லை.

முடிவாகாமலிருப்பதும் நன்றே என்பது என் கருத்து. கதிரவன் ஒளி எட்டாத அவ்விருளில், ஊற்றின் கந்தக வாயுவைக்கொண்டு நுண்ணுயிர்கள் உணவு ஆக்குகின்றன. அவற்றை நம்பி இறாலும் நத்தையும் வாழ்கின்றன. காலில் இரும்புக் கந்தகச் செதில்களைக் கவசமாக அணிந்த நத்தை ஒன்று இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளுக்கே உரியது. கடலடிச் சுரங்கம் வந்தால் அழியக்கூடுமென்று 2019இல் அதனை அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தனர். சில ஊற்றுத்திடல்களைத் தவிர அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. செம்பு நமக்கும் வேண்டும்; ஆயினும் முதலில் கணக்கெடுப்பு முடியட்டும்.

மேரி தார்ப் உருவாக்கிய அந்தப் படத்தின் பிரதியொன்றை மேடையின் இடப்புறம் தொங்கவிட்டிருக்கிறேன். இந்தியாவிற்குத் தெற்கே தலைகீழான ‘ஒய்’ எழுத்தைப் போல் கிளைவிடும் மலைத்தொடரைக் காண்பீர்கள். கூட்டம் முடிந்தபின் அருகில் வந்து, விரல் வைத்துத் தேடிப் பாருங்கள்.